தனிக் குடுவை

மாமியார் எனக்கென்று ஒரு தட்டை ஒதுக்கி
விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வைத்திருக்கிறாள்,
தப்பித் தவறியும் மாறிவிடக் கூடாதாம்.
பாலிஷும் என்னுடையதுதான்.

காமாலை கண்டவள் என்று தெருவுக்குச் சொல்லியாயிற்று.
கண்டதில்லை. என் கண் ஒருநாளும் மஞ்சளித்ததில்லை.
பதினோரு வெள்ளிக்கிழமை
கீழாநெல்லி அரைத்துக் குடித்ததுதான் மிச்சம்.
ரத்தத்தில் ஒரு 'பி' இருந்தது.
பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.
ஒன்றும் போடாமல் அனுப்பினாள் என்று
இனி யாரும் அம்மாவைச் சொல்ல முடியாது.

பேரணாம்பட்டில் முதல் பஸ்.
ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு
சட்டையில் தோல் வாடையோடு தூங்கிப்போவான் தயாளன்.
பள்ளிகொண்டா பாலத்தில் மட்டும் கண் விழித்து
மணலைப் பார்ப்பான், தண்ணீர் வந்துவிட்டதா என்று.

முதலில் அவனுக்கு மூன்று ஊசி, ஆறு மாத இடைவெளிக்குள்.
"ஆம்பளைக்கு இன்னாத்துக்குடா ஊசி?"
லீவு கேட்டபோது சூப்பர்வைசர் சிரித்தாராம்.
"பொண்டாட்டியோட வாழ்றதுக்கு" என்றிருக்கிறான்.

எனக்கு ராத்திரிக்கு ஒரு மாத்திரை.
கோடியில் இருந்த எண்ணிக்கை
லட்சமாகி, ஆயிரமாகி,
சித்திரையில் ஒரு தாள் வந்தது:
கண்டறிய இயலவில்லை.
ஏழு வருஷமாக என் வயிற்றைப் பார்த்து
எல்லா ஸ்கேனும் சொன்னது அதைத்தான்.
இந்த முறை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.
போய்விடவில்லை, பதுங்கியிருக்கிறது,
மாத்திரையை விடக் கூடாது என்றார் டாக்டர்.
சரி என்றேன். பதுங்கியிருப்பவற்றோடு இருந்து பழக்கம்தான்.

கரு மூன்று தேறியது.
"மூணையும் தனிக் குடுவையில வைப்போம்"
என்றாள் லேபில் இருக்கும் ஹஸீனா.

தனி.
அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.
பக்கத்து ஊர் டீக்கடையில்
கூரை எரவாணத்தில் செருகியிருக்கும் அப்பாவின் கிளாஸ்.
அவரே எடுத்து, குடித்து, கழுவி,
அவரே திரும்பச் செருக வேண்டும்.
பிறக்கும் முன்னாலேயேவா?

வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.
ஹஸீனா பேனாவை மூடினாள்.
"குளிர்ல அது சாவாதுக்கா, தூங்கும்.
ஒரு குழாய் விரிசல் விட்டா
வேற ஒருத்தங்க கருவுக்குப் போயிடலாம்.
அதுக்காக இங்க மட்டும்தான்.
தட்டுல, டம்ளர்ல, தொட்டா ஒண்ணும் வராது."
சொல்லிவிட்டு என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள்,
அண்ணாந்து அல்ல, வாய் வைத்து.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யோசித்தேன்.
எரவாணத்துக் கிளாஸ் ஒருவரையும் காப்பாற்றியதில்லை.
இது யாரோ ஒருத்தியின் பிள்ளையைக் காப்பாற்றுகிறது,
ஆற்காட்டுக்காரியோ திருப்பத்தூர்க்காரியோ,
வரிசையில் எனக்குப் பின்னால் கொட்டாவி விட்டவளோ.
அப்படியென்றால் இருக்கட்டும்.
முழுசாக ஆறவில்லை.
இருக்கட்டும்.

வெளியே நூற்றெட்டு டிகிரி,
கோட்டை அகழியில் தண்ணீர்கூட அசையவில்லை.
குடுவைக்குள் சைபருக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.
"கரண்டு போச்சுன்னா?" என்று கேட்டிருந்தான் தயாளன்.
"அதுக்குக் கரண்டே வேணாண்ணா."
வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்:
"நம்ம குடும்பத்துல குளுகுளுன்னு இருக்கிறது
அதுங்க மூணும்தான்."

வியாழக்கிழமை ஒன்றை எடுத்து வைப்பார்கள்.
தங்கிப் பிறந்தால்
பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு தொடையிலும் ஊசி.
அம்மா எனக்குத் தந்தது என்னோடு நின்றுவிடும் என்கிறார்கள்,
பெரும்பாலும்.
அந்தப் 'பெரும்பாலும்' ராத்திரியில்
மின்விசிறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது.

துணி எடுத்து வைத்துவிட்டு வந்தால்
என் தட்டைக் காணோம்.
தயாளன் அதில் தின்றுகொண்டிருந்தான்,
சோறும் முள் கத்தரிக்காய்க் குழம்பும்.
விளிம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"பாலிஷ் இன்னும் இருக்கா?"

"இன்னாத்துக்கு?"

"மீதித் தட்டுங்களுக்கும் வெச்சிடலாம்."

பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன்.
அடியில் கொஞ்சம் இருந்தது.